ஆலிவ் எண்ணெயும் மார்பகப் புற்றுநோயும்

தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, எந்த எண்ணெயில் சமைப்பது என்பது புதிய கேள்வியன்று. ஊரில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் பழகிய நமக்கு வங்காளத்தில் கடுகெண்ணெய் எதிர்ப்படுகிறது. குஜராத்தில் பருத்திக்கொட்டை எண்ணெய் எதிர்ப்படுகிறது. இவற்றோடு பெருநகரக் கடைகளில் ஆலிவ் எண்ணெயும் இப்போது இடம் பெற்றுவிட்டது. விலை மிகுதியான இவ்வெண்ணெயை உணவிற் சேர்த்துக்கொண்டால் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாராது என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இக்கூற்று எங்கிருந்து பிறந்தது? அதில் உண்மை எவ்வளவு? அதைக் கேட்ட குடும்பம் செய்யத்தக்கது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் இயன்ற அளவு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதற்கண் அந்த எண்ணெயைப் பற்றிச் சிறிது அறிவோம். ஐரோப்பாவின் தென்கரைக்கும் ஆப்பிரிக்காவின் வடகரைக்கும் இடைப்பட்டது மத்தியதரைக் கடல். அதனைச் சூழ்ந்த ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், துனீசியா, மொராக்கோ முதலிய நாடுகளில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிராகி வருவது ஆலிவ் மரம். தமிழ் விவிலியத்தில் ஒலிவ மரம் என்று வழங்குவது இதுவே. நமது எள்ளும் நிலக்கடலையும் வித்திலிருந்து எண்ணெய் தருபவை. ஆலிவோ பழத்தின் சதையைப் பிழிந்தே எண்ணெய் தருவது. இந்தியாவிலும் ராஜஸ்தான் அரசாங்கம் இஸ்ரேல் நாட்டாரின் துணையோடு இம்மரத்தைப் பயிரிட்டுப் பார்த்தது. பிகானேரை அடுத்த லூன்கரன்சரில் எண்ணெய் ஆலையும் அமைந்தது. ஆயினும் நம் கடைகளில் விற்பதிற் பெரும்பகுதி கடல் கடந்து வருவதேயாகும்.

ஆலிவ் எண்ணெய் என்ற ஒரே பெயரால் வழங்குவன எல்லாம் ஒரே தரத்தன அல்ல. பழத்தை அரைத்துப் பிழிந்து, ரசாயனச் சுத்திகரிப்பு எதுவுமின்றி எடுப்பது முதல் தரம். புட்டிகளில் ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ என்று அச்சிடப்படுவது இதுதான். இதில் தனிநிலை அமிலம் நூற்றுக்கு 0.8 பங்குக்கு மேற்படலாகாது என்பது விதி. அடுத்தது, சுத்திகரித்து நிறமும் மணமும் குறைக்கப்பட்டது. மூன்றாவது, பிழிந்தபின் எஞ்சிய சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரிக்கும் ‘போமேஸ்’ எண்ணெய். விலை குறைவென்று பலர் வாங்குவது இம்மூன்றாவது வகையையே. இவை யாவற்றிலும் ஒலீயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் மிகுந்துள்ளது. ஆனால் பழத்திலுள்ள பாலிபீனால் என்னும் நுண்பொருள்கள் முதல் தர எண்ணெயில்தான் கணிசமாக எஞ்சுகின்றன. நல்ல ஆலிவ் எண்ணெயை அப்படியே அருந்தினால் தொண்டை சற்றுக் கரகரக்கும். அதற்குக் காரணமான பொருளுக்கு ஓலியோகேந்தல் என்று பெயர். வலி நீக்கும் இபுப்ரோஃபென் மருந்தைப் போன்று அழற்சியைத் தணிக்கும் இயல்பு அதற்குண்டு என்பதை 2005-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

இனி, மத்தியதரைக் கடல் உணவுமுறை என்பது யாது? அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் என்பவர் 1958-ஆம் ஆண்டு ஏழு நாடுகளில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கிரீஸ் நாட்டுக் கிரீட் தீவிலே உழவரும் தொழிலாளரும் கொழுப்பை ஏராளமாக உட்கொண்டபோதிலும் இருதய நோயால் மாள்வது அரிதாயிருக்கக் கண்டார். அவர்கள் உண்ட கொழுப்பிற் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயே. அத்துடன் கீரை, காய்கறி, பருப்பு, பயறு, முழுக் கோதுமை ரொட்டி, பழம் ஆகியவை அவர்தம் அன்றாட உணவு. மீன் அவ்வப்போது கிடைக்கும். இறைச்சி விசேட நாட்களுக்கு உரியது. நாள் முழுதும் வயலில் உழைத்து, மலைப்பாதைகளில் நடந்து திரிந்த மக்கள் அவர்கள். ஆகவே செல்வர் வீட்டு விருந்தாக அன்றி, எளியோரின் உணவாகவே அது தோன்றியது. 2010-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அவ்வுணவு மரபை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும். கீஸ் நடத்திய ஆராய்ச்சியில் இடம் பெற்ற பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் அனைவரும் ஆண்கள். ஆராயப்பட்டது இருதய நோய். மார்பகப் புற்றுநோயைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அந்த வினாவுக்கு விடை தேட நெடுங்காலம் சென்றது.

மார்பகப் புற்றுநோய் என்பது, மார்பிலுள்ள பால் சுரக்கும் திசுவின் செல்கள் கட்டுக்கடங்காது பெருகி, நாளடைவில் அக்குளின் நெறிக்கட்டிகளுக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவும் நோய். பல வகையான கட்டிகளின் வளர்ச்சியை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு ஊக்குகிறது. மாதவிலக்கு நின்றபின் அச்சுரப்பு உடற்கொழுப்பிலிருந்தே பெரிதும் உண்டாகிறது. வயது முதிர்ந்த பின் உடற்பருமன் இந்நோய்க்கு இடந்தருவதன் காரணம் இதுவே. வயது, குடும்ப மரபு, மது, உழைப்பின்மை, முதற் குழந்தையைப் பிந்திப் பெறுதல் ஆகியனவும் நோய்க்கு வாய்ப்பை மிகுவிப்பவை. தாய்ப்பால் ஊட்டுதல் அதைக் குறைப்பது. உலக ஆராய்ச்சியாளரின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. சுமார் 6,70,000 பேர் மாண்டனர். அதே ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,92,000 பேருக்கு நோய் கண்டது. சுமார் 98,000 பேர் உயிர் துறந்தனர். நம் நாட்டில் புதிதாக நோய் காண்போர் தொகையோடு மாள்வோர் தொகையை ஒப்பிட்டால் அது பாதிக்கு மேற்படுவதைக் காண்கிறோம். உலக முழுமைக்கும் அவ்வளவு இல்லை. நோய் முற்றியபின் மருத்துவரிடம் செல்வது இதற்குரிய தலையாய காரணங்களுள் ஒன்று.

ஆலிவ் எண்ணெயைப் பற்றிய பேச்சு ஸ்பெயின் நாட்டிலிருந்து எழுந்தது. அங்கு 2003 முதல் 2009 வரை ‘பிரெடிமெட்’ என்னும் பெரும் ஆராய்ச்சிக்கு ஏறத்தாழ 7,450 பேர் சேர்க்கப்பட்டனர். இருதய நோய் வரும் வாய்ப்புள்ள முதியோர் இவர்கள். இவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதற் குழுவினர் மத்தியதரைக் கடல் உணவை உண்ணவேண்டும். வாரத்துக்கு ஒரு லிட்டர் முதல் தர ஆலிவ் எண்ணெய் குடும்பத்துக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. இரண்டாங் குழுவினருக்கு அதே உணவு. ஆனால் எண்ணெய்க்கு மாறாக நாளொன்றுக்கு 30 கிராம் அக்ரூட், பாதாம், ஹேசல் பருப்புகள் வழங்கப்பட்டன. மூன்றாங் குழுவினருக்குக் கொழுப்பைக் குறைத்து உண்ணுமாறு அறிவுரை கூறப்பட்டது. இருதய நோயைத் தடுக்கலாகுமா என்பதே ஆராய்ச்சியின் முதல் நோக்கம். அதே கணக்கைக் கொண்டு பின்னர் மார்பகப் புற்றுநோயையும் ஆராய்ந்து, 2015-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

அவ்வாராய்ச்சியிற் சேர்ந்த பெண்கள் 4,282 பேர். வயது 60 முதல் 80 வரை. இவர்களுள் ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் கண்டிருந்தவர்களை நீக்கி எஞ்சியோரைக் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலத்தில் 35 பேருக்கு நோய் உறுதியாயிற்று. ஆயிரம் பெண்களை ஓராண்டு கவனித்தால் நோய் காண்போர் எத்தனை பேர் என்று கணக்கிட்டதில், கொழுப்பைக் குறைக்கச் சொன்ன குழுவில் 2.9 ஆகவும், பருப்புக் குழுவில் 1.8 ஆகவும், ஆலிவ் எண்ணெய்க் குழுவில் 1.1 ஆகவும் இருந்தது. வயது முதலிய வேறுபாடுகளைச் சரிசெய்து பார்த்தால், எண்ணெய்க் குழுவினருக்கு நோய் வரும் வாய்ப்பு மூன்றிலொரு பங்கே இருந்ததாக முடிவு காட்டியது. பருப்புக் குழுவிற் கண்ட குறைவு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பது கணக்கறிந்தோர் கருத்து.

மகிழ்ச்சி தரும் செய்திதான். மக்களைக் குலுக்கல் முறையிற் பிரித்து, ஆண்டுக்கணக்காக உணவைக் கொடுத்து ஆராய்வது எளிதன்று. அவ்வகையில் ஸ்பெயின் நாட்டாரின் முயற்சி போற்றத்தக்கது. ஆயினும் அதனை எடை போடும்போது நான்கு செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும்.

முதலாவது, நோய் கண்டவர்கள் மொத்தம் 35 பேரே. இவ்வளவு சிறிய தொகையில் ஓரிருவர் இடம் மாறினாலும் விகிதம் பெரிதும் மாறிவிடும். மூன்றிலொரு பங்கு என்றோமே, அதன் உண்மை அளவு எட்டிலொரு பங்காகவும் இருக்கலாம், ஐந்தில் நான்கு பங்காகவும் இருக்கலாம் என்று அறிக்கையே கூறுகிறது. இரண்டாவது, இருதய நோய்க்காக அமைத்த ஆராய்ச்சி இது. மாமோகிராம் என்னும் எக்ஸ்ரே சோதனை எல்லாப் பெண்களுக்கும் ஒரே ஒழுங்கில் செய்யப்பட்டது என்பதற்கு உறுதியில்லை. மூன்றாவது, இதே ‘பிரெடிமெட்’ ஆராய்ச்சியில் சில இடங்களில் குலுக்கல் முறை ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை என்பது பின்னர்த் தெரிய வந்தது. ஒரே வீட்டினரை ஒரே குழுவில் சேர்த்ததும், ஓர் இடத்தில் ஒரு மருத்துவ நிலையத்தினர் அனைவரையும் ஒரே குழுவில் அமர்த்தியதும் இத்தவறுகள். இதனால் இருதய நோய் பற்றிய 2013-ஆம் ஆண்டு அறிக்கையைத் திரும்பப் பெற்று, 2018-இல் திருத்தி வெளியிட்டனர். முடிவு பெரிதும் மாறவில்லையாயினும், ஆராய்ச்சியின் உறுதி சற்றுத் தளர்ந்தது. நான்காவது, இப்பெண்கள் மாதவிலக்கு நின்ற ஸ்பானிய மூதாட்டியர். நாற்பது வயதில் மும்பையில் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இம்முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட இயலாது.

ஒரே ஆராய்ச்சியை நம்பி முடிவு செய்யாது, பிறர் கண்டதையும் காண்பது முறை. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 48,835 பெண்களிடையே, கொழுப்பைக் குறைத்துக் காய், பழம், தானியங்களை மிகுதியாக உண்ணும் முறையைச் சோதித்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி நோய் கண்டோர் தொகை நூற்றுக்கு 9 பங்கு குறைந்தது. அது தற்செயல் எனத் தள்ளக்கூடிய குறைவே. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மார்பகப் புற்றுநோயால் மாண்டோர் தொகை நூற்றுக்கு 21 பங்கு குறைந்திருந்தது. ஸ்பெயினில் எண்ணெயைக் கூட்டிய உணவு நன்மை செய்தது போலத் தோன்ற, அமெரிக்காவில் கொழுப்பைக் குறைத்த உணவும் ஓரளவு நன்மை செய்தது! இரண்டுக்கும் பொதுவாயிருந்தவை காயும் கனியும் தானியமும் என்பதை நோக்கவேண்டும். இத்தாலியிலோ, ஏற்கெனவே இந்நோய்க்குச் சிகிச்சை பெற்ற 1,542 பெண்களிடையே மத்தியதரைக் கடல் வகை உணவைச் சோதித்தார்கள். உணவுப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் நோய் மீண்டும் வருவதில் ஐந்தாண்டுகளில் வேறுபாடு காணப்படவில்லை.

ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த புற்றுச் செல்களின் மீது ஆலிவின் பாலிபீனால்களை இட்டபோது அவற்றின் வளர்ச்சி தளர்ந்ததும் உண்மையே. ஆனால் தட்டிலே இடும் அளவு வேறு. உண்ட எண்ணெயிலிருந்து இரத்தத்திற் சேரும் அளவு வேறு. தட்டிற் கண்டதை உடலுக்கு ஏற்றிச் சொல்லுமுன் மனிதரிடம் சோதித்தல் இன்றியமையாதது.

ஆக, மூன்றாம் வினாவுக்கு வருகிறோம். ஆலிவ் எண்ணெய் தீங்கற்றது. வாங்க வசதியுள்ளோர் வாங்கலாம். ஆனால் ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் அதனைத் தங்கள் பழைய உணவின் மேல் கூடுதலாக ஊற்றிக் கொள்ளவில்லை; பிற கொழுப்புகளுக்கு மாற்றாகவே பயன்படுத்தினர். எந்த எண்ணெயாயினும் ஒரு கிராமில் 9 கலோரி உண்டு. வழக்கமான வடையும் பூரியும் குறையாமல், அவற்றோடு ஆலிவ் எண்ணெயும் சேருமானால் உடல் பருக்கும். நோயைத் தடுக்க எண்ணி நோய்க்கே வழி திறந்தவராவோம். மத்தியதரைக் கடல் நாட்டார் உணவோடு அருந்தும் திராட்சை மதுவையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. மது சிறிதளவாயினும் மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுவது.

அவ்வுணவு முறையின் உயிர்நிலை பருப்பு, பயறு, கீரை, காய், பழம், முழுத் தானியம் ஆகியவற்றில் இருக்கிறது. இவை நமக்கு அயலானவை அல்ல. தில்லியில் குளிர்காலத்துப் பாலக்கும் சர்சோன் கீரையும், மகாராஷ்டிரத்துச் சோளமும் மட்கியும், வங்காளத்துச் சிறு மீனும் அம்முறைக்கு ஏற்றவையே. சாம்பாரில் காயைக் கூட்டி, சோற்றை ஒரு கரண்டி குறைத்து, எண்ணெயில் பொரிப்பதைச் சுருக்கி, நாள்தோறும் அரைமணி நேரம் நடந்தால், கிரீட் தீவு உழவரின் வாழ்க்கைக்கு அண்மையில் வந்துவிடுகிறோம். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஒலீயிக் அமிலம் கணிசமாக உண்டு. ஆயினும் அது கொண்டு, இவையும் மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்று புதியதொரு நம்பிக்கையைக் கட்டிவிடலாகாது.

நல்லுணவு நோய் வரும் வாய்ப்பை ஓரளவு குறைக்கலாம், முற்றிலும் ஒழிக்காது. செம்மையாக உண்டு, மெலிந்த உடலோடு உழைத்து வாழும் பெண்ணுக்கும் இந்நோய் வரக்கூடும். ஆகையால் எண்ணெய்ப் புட்டியினும் உயிர்காப்பது நோயைக் காலத்தில் அறிதல். இதற்கு மும்பை நகரமே சான்று. டாடா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கி, அந்நகரின் குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களிடையே ஓர் ஆராய்ச்சி நடத்தினர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கைகளால் மார்பகத்தைச் சோதித்தார்கள். விலையுயர்ந்த இயந்திரம் ஏதும் பயன்படுத்தவில்லை. 2021-இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டது; 50 வயதும் அதற்கு மேலுமான பெண்களில் இந்நோயால் மாண்டோர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு குறைந்தது. அதற்கும் குறைந்த வயதினரிடையே இறப்பில் அத்தகைய குறைவு தென்படவில்லை.

எனவே, சில அறிகுறிகளைத் தாய்மார் நன்கு அறிந்திருக்க வேண்டும். மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும் கட்டி, மார்புத் தோல் ஓரிடத்தில் குழிதல், அல்லது ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்தல், காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் என்பன அவை. கட்டி வலிக்கவில்லையே என்று வாளாவிருத்தல் பெருந்தவறு. இந்நோயின் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டிகளுட் பல புற்றுநோய் அல்ல என்பதும் உண்மை. அதனை மருத்துவர் சோதித்துத்தான் சொல்லமுடியும்.

பிற மாநிலங்களில் வாழும் நம் பெண்களுக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. மார்பகத்தைப் பற்றித் தாய்மொழியிற் பேசவே நாணுகிறவர்கள், அயல்மொழி மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, ‘ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். கோடை விடுமுறை வரை காத்திருக்கும் அந்தச் சில மாதங்களில் நோய் ஒரு படி முன்னேறிவிடக்கூடும். மொழி தெரியாதது தடையாக வேண்டியதில்லை. இடத்தைக் கையால் காட்டினாலே மருத்துவர் அறிந்துகொள்வார். மொழியறிந்த மகளையோ, அண்டை வீட்டு அம்மாளையோ துணைக்கு அழைத்துச் செல்லலாம். பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். 30 வயது கடந்த பெண்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றிடப் புற்றுநோய்களைச் சோதிக்கும் திட்டம் இந்திய அரசாங்கத்தின் சுகாதார நிலையங்கள் வாயிலாக நடைபெறுகிறது. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் அது குறித்துக் கேட்பதற்குக் கூச்சப்படலாகாது. கணவரும் மக்களும், வீட்டுப் பெண் தன் உடலைப் பற்றிச் சொல்ல வாய் திறக்கும்போது செவி கொடுத்துக் கேட்பதும், விடுப்பு எடுத்து உடன் செல்வதும் அவர்தம் கடமை.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்போருக்கு இன்னொரு சொல். மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைச் சில நோயாளிகள் ஐந்தாண்டு, பத்தாண்டு உட்கொள்ள வேண்டியிருக்கும். நல்ல எண்ணெய் உண்கிறோம் என்ற துணிவில் அம்மருந்தை நிறுத்துவது உயிருக்கு ஊறு விளைக்கும். உணவு மருந்துக்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தை ஏற்க இயலாது.

ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சி நமக்குக் காட்டியது ஒரு நம்பிக்கை ஒளியே. இன்னும் பெரிய ஆராய்ச்சிகள் அதனை உறுதிப்படுத்த வேண்டும். அதுவரை, ஆலிவ் எண்ணெய் வாங்கும் பொருள் வசதி இல்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டியதில்லை. வாங்கி விட்டோமே, இனி அச்சமில்லை என்று எவரும் இறுமாந்திருக்கவும் வேண்டியதில்லை. சந்தையிலே கிடைக்கும் கீரையையும் பருப்பையும் மிகுதியாக உண்போம், நடப்போம், உடலில் புதிதாக ஒரு கட்டி தென்பட்டால் அந்த வாரமே, நாம் வாழும் ஊரிலேயே, மருத்துவரைக் காண்போம்.